ஒரு நாடாவில் இரு கரைக் காதற்பாட்டு

சென்ற திங்கள் நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டம் முடிந்து, கூடத்து வாயிலில் காப்பிக்காக நின்றுகொண்டிருந்தேன். நம் அன்பர் ஒருவரின் மகன், பொறியியல் முடித்துப் பணியில் அமர்ந்திருக்கும் இளைஞர், அருகில் வந்து தயங்கி நின்றார். வரும் தைத் திங்களில் அவருக்குத் திருமணம் என்பதை அறிவேன்.

"மாமா, உங்கள் வீட்டு டேப் ரிக்கார்டர் இன்னும் ஓடுகிறதா?" என்றார்.

ஓடுகிறது என்றேன்.

"எனக்கு ஒரு கேசெட்டுப் பதிவு செய்யக் கற்றுத்தர வேண்டும். சிறு வயதில் உங்கள் வீட்டில் ஒன்று கேட்பேனே, ஐரிஷ் பாட்டும் அமெரிக்கக் கறுப்பர் பாட்டும் மாறி மாறி வருமே, அதைப்போல ஒன்று அவளுக்குச் செய்து தர விரும்புகிறேன்."

கைபேசியில் நூறு பாட்டுகளைத் தொகுத்து ஒரு நொடியில் அனுப்பிவிடலாமே என்று கேட்டேன். "அனுப்பினேன் மாமா. மூன்றாவது பாட்டோடு நிறுத்திவிட்டாளாம்" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். நூறு பாட்டுகளை ஒருவருக்கு அனுப்புவது அவரைக் கடைத்தெருவில் கொண்டுபோய் விடுவதற்கு ஒப்பாகும். பன்னிரண்டைத் தேர்ந்து கொடுப்பது இலை போட்டுப் பரிமாறுவதைப் போன்றது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவருக்கு நான் சொல்லித் தந்ததையும், இளைஞரிடம் சொல்ல வேண்டாமென்று அப்போது விட்டுவிட்டதையும் சேர்த்து ஈண்டு எழுதுகிறேன்.

முதலில் இவ்விரு பாட்டுகளும் எங்கள் இல்லத்தில் ஒன்றுசேர்ந்த வரலாற்றைக் கூற வேண்டும். என் மனைவி கல்கத்தாவில் பிறந்து வளர்ந்தவள். லொரேட்டோ சபைக் கன்னியர் நடத்தும் பள்ளியில் பயின்றவள். அச்சபையார் 1841-ஆம் ஆண்டின் இறுதியில் அயர்லாந்திலிருந்து கப்பலேறி இந்நகருக்கு வந்து, அடுத்த ஆண்டிலேயே பள்ளி தொடங்கியவர்கள். அவள் பயின்ற காலத்திலும் ஐரிஷ் நாட்டுக் கன்னியர் சிலர் ஆசிரியைகளாக இருந்தனர். மழையால் விளையாட்டு நின்றுபோன பிற்பகல்களில் அவர்கள் பாடிய ஊர்ப்பாட்டுகளை அவள் மனப்பாடமாக அறிவாள். யானோ வேலை தேடி இந்நகருக்கு வந்தவன். சனிக்கிழமை அரைநாள் அலுவல் முடிந்ததும் ஃப்ரீ ஸ்கூல் தெருவில் பழைய இசைத்தட்டுக் கடைகளின் முன்னே குந்தியிருந்து, தூசி தட்டிப் பேரம் பேசி வாங்கி வருவது என் வழக்கம். அங்கே கிடைத்த அமெரிக்கச் சிறு தட்டுகளால் சோல் இசை எனக்குப் பழக்கமாயிற்று. அவளுக்கு ஐரிஷ், எனக்குச் சோல். இரண்டும் ஓர் அலமாரியில் இருந்தனவே தவிர, ஒன்றோடொன்று பேசிக்கொண்டதில்லை.

1983-ஆம் ஆண்டு, வளைகாப்பு முடிந்து, தலைப்பிள்ளைப் பேற்றுக்காக அவள் தாய்வீடு சென்றாள். என் மாமனார் ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் குடியேறியிருந்த காலம் அது. தனியே இருந்த இரவுகளில் ஒரு நாடாவில் அவள் பாட்டும் என் பாட்டுமாகக் கோத்துப் பதிந்து, கோரமண்டல் விரைவு வண்டியில் ஊருக்குப் போன நண்பர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். பத்து நாளில் கடிதம் வந்தது. நலம் விசாரித்த பின்னர் அதில் இவ்வாறு எழுதியிருந்தாள்: "நாடா கிடைத்தது. தினமும் கேட்கிறேன். முதற்பக்கத்து ஆறாவது பாட்டின் சொற்களைக் கேட்டுத்தான் சேர்த்தீர்களா, இசையை மட்டும் கேட்டீர்களா? அம்மா அருகில் இருந்தார்கள். என்ன பாட்டு என்று கேட்டார்கள். கல்யாணப் பாட்டு என்று சொல்லிவைத்தேன்."

அந்தப் பாட்டு 'ஷி மூவ்ட் த்ரூ த ஃபேர்' என்பது. டானகால் பகுதியில் வழங்கிய பழைய மெட்டுக்குப் பாட்ரிக் காலம் என்னும் ஐரிஷ் கவிஞர் சொல்லமைத்து, ஹெர்பர்ட் ஹியூஸ் என்பவர் 1909-இல் வெளியிட்ட தொகுப்பால் பரவியது. தேன் ஒழுகும் மெட்டு. அதற்காகவே சேர்த்தேன். கடிதம் கண்டபின் தட்டின் உறையில் அச்சிட்டிருந்த சொற்களை எடுத்துப் படித்தேன். சந்தைக் கூட்டத்தினூடே நடந்து போன பெண், திருமணநாள் நெடுந்தொலைவில் இல்லையென்று காதலனிடம் சொல்லிப் போனவள், இறுதியில் ஓரிரவு ஓசையின்றி அவனிடம் வந்து அதே சொல்லைச் சொல்கிறாள். வந்தவள் உயிரோடு இருப்பவள் அல்லள். பிள்ளைப்பேற்றை நோக்கியிருக்கும் மனைவிக்குக் கணவன் அனுப்பக் கூடிய பாட்டா இது? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அடுத்த திங்களில் எங்களுக்கு மகள் பிறந்தாள், தாயும் சேயும் நலமாயிருந்தனர் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நேயர்கள் கவலையுற வேண்டா. ஆனால் மெட்டை மட்டும் கேட்டுப் பாட்டைத் தேர்பவன் அறிவிலி என்பதை அந்தக் கடிதம் எனக்குக் கற்பித்தது. அதன்பின் கெல்டிக் பாட்டுகளின் சொற்களைத் தேடித் தேடிப் படிக்கலானேன்.

கெல்டிக் என்னும் பெயரால் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், மான் தீவு, கார்ன்வால், பிரான்சு நாட்டுப் பிரிட்டனி ஆகிய பகுதிகளின் மரபுகளைக் குறிப்பர். இவற்றின் காதற்பாட்டுகளை வரிசையாகக் கேட்டால் ஒன்று புலனாகும். பெரும்பாலானவற்றில் காதலர் எதிரில் இல்லை. போய்விட்டார், அல்லது இறந்துவிட்டார், அல்லது வேறொருவரை மணந்துவிட்டார். பாட்டு, போனதைப் பற்றியது. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் 'ஃபெர் அ வாட்டா', அதாவது படகுக்காரன், என்றொரு பாட்டு உண்டு. பெண்ணொருத்தி குன்றின் மேலேறி அவன் படகு தெரிகிறதா என்று கடலைப் பார்க்கிறாள். லூயிஸ் தீவில் டாங் என்னும் ஊரைச் சேர்ந்த ஒரு பெண் தன் மீனவக் காதலனை எண்ணிக் கட்டியது என்று வழிவழியாகச் சொல்வர். இப்பாட்டை முதன்முதல் பொருளோடு படித்தபோது, நெய்தல் திணையையும் அதற்குரிய இரங்கலையும் வகுத்த நம் முன்னோர் இதை எத்திணையில் வைப்பார் என்று நான் தேடவே வேண்டியிருக்கவில்லை. 'டோனல் ஓக்' என்னும் ஐரிஷ் பாட்டோ இன்னும் கடுமையானது. நடவாதவற்றையெல்லாம் தருவதாக வாக்களித்துப் போனவனை நோக்கி ஒரு பெண் தன் இழப்பை எண்ணிச் சொல்லும் பாட்டு அது. குறுந்தொகையைப் படித்தவர்களுக்கு அவள் அயலாளாகத் தோன்றமாட்டாள்.

பாடும் முறையும் இதற்கு ஏற்றதே. அயர்லாந்தில் 'ஷான் நோஸ்', பழைய முறை, என்று வழங்கும் பாட்டுக்குப் பக்கவாத்தியம் இல்லை, கட்டுப்பட்ட தாளமும் இல்லை. ஒரே குரல், அதில் நுண்ணிய கமகங்கள். பாடுபவர் கேட்போரின் முகத்தைப் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொள்வார், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாட்டு உச்சத்தை அடையும்போது கேட்பவர்களில் ஒருவர் பாடுபவரின் கையைப் பற்றி மெல்லச் சுழற்றிக்கொண்டிருப்பதும் உண்டு. துக்க வீட்டில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அமர்வதை நாம் கண்டிருக்கிறோம். இது ஏறக்குறைய அதுவே.

வெளியூரில் வாழும் நமக்கு ஒரு செய்தி சிறப்பாக மனத்தில் படும். அயர்லாந்தில் 1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, பெரும்பஞ்சத்தில் பத்து இலட்சம் பேர் இறந்தனர். அதனினும் மிகுதியானோர் கப்பலேறினர். அமெரிக்காவுக்குப் புறப்படும் மகனுக்கோ மகளுக்கோ முதல்நாள் இரவு வீட்டில் ஒரு கூட்டம் கூட்டுவார்கள். ஆடுவார்கள், பாடுவார்கள், விடியும்போது அழுவார்கள். அதற்கு 'அமெரிக்கன் வேக்' என்று பெயர். வேக் என்பது இறந்தவருக்காக உறவினர் இரவெல்லாம் விழித்திருக்கும் சடங்கின் பெயர். உயிரோடு போகிறவருக்கு அதே பெயரில் விழித்திருந்தனர், மீண்டும் காணப்போவதில்லை என்பது உறுதியாகத் தெரிந்ததால். நான் ஊரைவிட்டு வந்த இரவில் என் தாய் வழிக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாளே கடிதம் போட்டுவிட முடிந்த என்னையும் அவர்களையும் ஒன்றாக எண்ணுவதற்கில்லை.

இனிச் சோல் இசை. கறுப்பினத்தாரின் கோயிற் பாட்டும் புளூஸும் கலந்து 1950-களில் பிறந்தது. அதன் பிறப்புக்கு ஒரு நாளைக் குறிக்க வேண்டுமானால் பலரும் 1954-ஐச் சுட்டுவர். கண்பார்வையற்ற ரே சார்ல்ஸ் அவ்வாண்டில் ஒரு தேவபக்திப் பாட்டின் மெட்டை எடுத்து, இறைவனைப் பற்றிய சொற்களை நீக்கி, ஒரு பெண்ணைப் பற்றிய சொற்களை வைத்தார். 'ஐ காட் அ உமன்' என்னும் அப்பாட்டைக் கேட்டுச் சினந்தோர் பலர். நமக்கு இது முற்றும் புதிதன்று. நம் ஆழ்வார்கள் அகப்பாட்டின் தலைவி வாய்மொழியை எடுத்து இறைவனுக்குச் சூட்டினர். அங்கே இறைவனுக்குரிய மொழியை எடுத்து மானிடப் பெண்ணுக்குச் சூட்டினர். பாதை ஒன்றே, நடந்த திசைதான் வேறு. சோல் பாடகர் பலரும் கோயிலில் வளர்ந்தவர்களே. சாம் குக் பக்திப் பாடற் குழுவிலிருந்து வந்தவர். அரீத்தா ஃபிராங்ளினின் தந்தை டெட்ராயிட்டில் ஒரு தேவாலயத்தின் போதகர். ஆல் கிரீன் 1972-இல் 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்' பாடி முதலிடம் பெற்றுச் சில ஆண்டுகளில், மெம்ஃபிஸ் நகரில் தாமே போதகராகிவிட்டார்.

கோயிலில் பிரசங்கம் செய்பவர் எதிரில் இருப்பவரை நோக்கிப் பேசுகிறார். கேட்பவர் இப்பொழுதே மனம் மாற வேண்டும் என்று கெஞ்சுகிறார். சோல் பாடகரும் அவ்வாறே. அவர் காதலி போய்விடவில்லை. வாயிற்படியில் ஒரு கால் வைத்து நிற்கிறாள், அவ்வளவுதான். ஜேம்ஸ் பிரவுன் 1956-இல் வெளிவந்த 'பிளீஸ், பிளீஸ், பிளீஸ்' என்னும் பாட்டை மேடையில் பாடும்போது முழந்தாளிட்டு விழுவார். துணைவர் ஒருவர் வந்து தோளில் போர்வை போர்த்தி அழைத்துச் செல்வார். நாலடி போனதும் போர்வையை உதறிவிட்டு ஓடிவந்து மீண்டும் விழுவார். மக்கள் இதை எதிர்பார்த்தே வந்தனர் என்றாலும், ஒவ்வொரு முறையும் ஆரவாரித்தனர். முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஐரிஷ் பாடகரையும், முழந்தாளிடும் இவரையும் அருகருகே எண்ணிப் பார்த்தால் என் கருத்து விளங்கும். அங்கே நெய்தலும் பாலையும். இங்கே மருதம். ஊடியவளின் வாயிலில் நின்று இரக்கும் தலைவனை நம் புலவர்கள் பலகாலும் பாடியிருக்கின்றனர்.

ஓடிஸ் ரெட்டிங் இதில் எனக்கு மிகவும் உவப்பானவர். 1962-இல் மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வேறொரு இசைக்கலைஞருக்குக் காரோட்டிக்கொண்டு வந்தவர். அவரது பதிவு முடிந்து நேரம் எஞ்சியபோது, இவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. பாடிய பாட்டு 'தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்'. அந்தக் கூடம் முன்னர் சினிமாக் கொட்டகையாக இருந்தது. சாய்ந்த தரையைக்கூட மாற்றாமல் ஒலிப்பதிவு செய்தனர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே உணவுக்கடையில் உட்கார முடியாதிருந்த மாநிலத்தில், அக்கூடத்தின் வாத்தியக் குழுவில் இரு சாராரும் ஒன்றாக அமர்ந்து வாசித்தனர். 1967 டிசம்பர் 10-ஆம் நாள் விமான விபத்தில் ஓடிஸ் மறைந்தபோது அவருக்கு வயது 26. அலபாமாவில் மருத்துவமனைப் பணியாளராக இருந்த பெர்சி ஸ்லெட்ஜ் 1966-இல் பாடிய 'வென் அ மேன் லவ்ஸ் அ உமன்' என்னும் பாட்டையும் நேயர்கள் எங்கேனும் கேட்டிருக்கக் கூடும். தொடக்கத்தில் வரும் ஆர்கன் ஒலியை மறவாதீர்கள். நாடாக் கோப்பதில் அதற்கொரு பயன் உண்டு, பின்னர்ச் சொல்கிறேன்.

1910 முதல் 1970 வரையில் ஏறத்தாழ அறுபது இலட்சம் கறுப்பின மக்கள் தென்மாநிலங்களை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களுள் பலர் சேர்ந்த இடம் டெட்ராயிட் மோட்டார்த் தொழிற்சாலைகள். அத்தகைய தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி என்பவரே 1959-இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி, மோட்டவுன் என்று பின்னர்ப் புகழ்பெற்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். ஊர்விட்டு ஊர் வந்தவர்களின் பிள்ளைகள் பாடிய பாட்டுகள் அவை.

இவ்விரண்டையும் சேர்ப்பது என் கற்பனைதானா என்று இளைஞர் கேட்டார். அன்று. எனக்கு நெடுங்காலம் முன்னரே ஒருவர் காதில் இவை சேர்ந்து ஒலித்தன. அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-இல் அயர்லாந்து சென்று, பல நகரங்களில் பேசினார். பஞ்சம் தொடங்கியிருந்த காலம். தோட்டங்களில் அடிமைகள் பாடக் கேட்டிருந்த அந்த ஓலத்தை, அடிமைநாட்டை விட்ட பின்னர் அயர்லாந்தில் மட்டுமே மீண்டும் கேட்டதாக 1855-இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். அவர் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்சிடமும் பேரன்பு கொண்டிருந்தார். 1846-இல் கவிஞரின் ஊராகிய ஏர் பகுதிக்கே சென்று வந்தார்.

ஆனால் துன்பம் இருவர்க்கும் ஒன்று, ஆகவே பாட்டும் ஒன்று என்று எளிதில் சொல்லிவிடுவோரோடு நான் உடன்படேன். அதே பர்ன்ஸ் 1786-இல் வறுமையால் ஜமைக்காவுக்குப் போய், அடிமைகள் உழைக்கும் ஒரு தோட்டத்தில் கணக்கு வேலை பார்க்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அவ்வாண்டு வெளிவந்த கவிதை நூல் புகழ்பெற்றதால் பயணம் நின்றது. அவருடைய புகழ்பெற்ற பிரிவுப் பாட்டாகிய 'ஏ ஃபாண்ட் கிஸ்', 1791 டிசம்பரில் ஆக்னஸ் மெக்லிஹோஸ் என்னும் மாதுக்கு எழுதி அனுப்பப்பட்டது. அவர் கப்பலேற இருந்ததும் ஜமைக்காவுக்கே, அங்கிருந்த தம் கணவரிடம். போன இடத்தில் கணவருக்கு வேறு குடும்பம் இருக்கக் கண்டு சில திங்களில் திரும்பிவிட்டார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1831-இல், பர்ன்சைப் பிரிந்த நாளைத் தம் நாட்குறிப்பில் மறவாமல் குறித்து வைத்தார். நெஞ்சை உருக்கும் பாட்டுத்தான். ஆயினும் அக்கப்பல் சென்ற தீவில் யார் முதுகில் யார் சவாரி செய்தனர் என்பதையும் மறத்தலாகாது.

இசைவழித் தொடர்பு பற்றியும் வாதம் உண்டு. ஸ்காட்லாந்தின் மேலைத் தீவுகளில் தேவாலயத்தில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, சபையார் ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் இழைத்து இழைத்துத் தொடர்வர். நம் பஜனையில் பாகவதர் அடியெடுத்துக் கொடுப்பதை ஒருபுடை ஒக்கும். அமெரிக்கக் கறுப்பர் கோயில்களிலும் அடியெடுத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. இது ஸ்காட்லாந்துக்காரரிடமிருந்து வந்தது என்றார் யேல் பல்கலைக்கழகத்து வில்லி ரஃப் என்னும் கறுப்பின இசைப்பேராசிரியர். ஆப்பிரிக்க வேரைக் குறைத்துச் சொல்வதாக மறுத்தோரும் பலர். அடியெடுத்துக் கொடுக்கும் வழக்கம் இங்கிலாந்துக் கோயில்களிலும் இருந்ததாகலின், ரஃபின் கூற்று முற்றும் நிலைநாட்டப் பெறவில்லை என்பதே என் துணிபு. ஐயத்துக்கு இடமின்றி இரண்டையும் இணைத்தவர் பெல்ஃபாஸ்டில் பிறந்த வான் மாரிசன். கப்பல் கட்டும் துறையில் பணிபுரிந்த தந்தை சேர்த்த அமெரிக்க இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். 1973-இல் தம் குழுவுக்கே 'கலிடோனியா சோல் ஆர்க்கெஸ்ட்ரா' என்று பெயரிட்டார். கலிடோனியா என்பது ஸ்காட்லாந்தின் பழம்பெயர். 1988-இல் சீஃப்டன்ஸ் என்னும் ஐரிஷ் மரபிசைக் குழுவோடு சேர்ந்து பழைய நாட்டுப்பாடல்களைச் சோல் பாடகரின் குரலிலேயே பாடிப் பதிந்தார். அத்தட்டில் என்னை ஓரிரவு உறங்கவிடாத அந்தச் சந்தைப் பாட்டும் உண்டு.

இனிச் செய்முறைக்கு வருவோம். கேசெட்டு 1963-இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனத்தாரால் அறிமுகமாயிற்று. நாடாவின் அகலம் நாலு மில்லிமீட்டருக்கும் குறைவு. 60, 90, 120 நிமிட நாடாக்கள் உண்டு. 120-ஐ வாங்கவே வேண்டா. நாடா மிக மெல்லியது, கருவியின் உருளையில் சுற்றிக்கொள்ளும். 90-ஏ தக்கது, பக்கத்துக்கு 45 நிமிடம். பழைய சோல் பாட்டு ஏறத்தாழ மூன்று நிமிடம். கெல்டிக் கதைப்பாட்டு ஐந்தாறு நிமிடம் ஓடும். ஐந்து நிமிடப் பாட்டு ஆறும், மூன்று நிமிடப் பாட்டு ஐந்தும் வைத்தால் சரியாக 45. ஆனால் பாட்டுக்குப் பாட்டு மூன்று நொடி இடைவெளி விட்டால் அதிலேயே அரை நிமிடம் போய்விடும். நாடாவின் தொடக்கத்தில் பதிவாகாத வெறும் பட்டையும் உண்டு. ஆதலின் ஒரு பாட்டைக் குறைத்துக்கொள்க. கடைசிப் பாட்டு நடுவே அறுந்து நிற்பதைப்போல் நாணத்தக்கது வேறில்லை.

முதலில் நாடாவை முழுவதும் முன்னே ஓட்டிப் பின்னே சுற்றிக்கொள்ள வேண்டும், இறுக்கம் சீராகும். பின்னர்ப் பாட்டின் மிக உரத்த இடத்தை ஓடவிட்டு, ஒலியளவு காட்டும் முள் சிவப்புக்கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்குமாறு அமைக்க வேண்டும். இதை ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியே செய்தல் வேண்டும். சோல் தட்டுகள் உரத்துப் பதிந்தவை. தனிக்குரல் ஐரிஷ் பாட்டு மெல்லியது. ஒரே அளவில் விட்டால், பாட்டி ஒருத்தி மெல்லப் பாடி முடித்ததும் பித்தளைக் குழல்கள் காதில் அறையும். மெல்லிய பாட்டில் நாடாவின் இரைச்சல் தெரியுமாதலால் குரோம் பூச்சு நாடாவைப் பயன்படுத்துவது நன்று. கல்கத்தாவின் ஈரக்காற்றில் நாடாவில் பூசணம் பிடிக்கும். மழைக்காலம் கழிந்ததும் ஒருமுறை ஓட்டிவைக்க வேண்டும்.

வரிசையே கடினமான வேலை. மாறி மாறி ஒன்றுக்கொன்று என்று இளைஞர் எண்ணியிருந்தார். அது பள்ளிக்கூட வரிசை. இரண்டு இரங்கற்பாட்டு அடுத்தடுத்து வந்தால் கேட்பவர் எழுந்து போய் அடுப்பைக் கவனிப்பார். இரண்டு கெஞ்சற்பாட்டு அடுத்தடுத்து வரலாம், மூன்றாவது வந்தால் கெஞ்சலின் மானம் போய்விடும். தாளமற்ற ஐரிஷ் குரல் முடிந்தவுடன் மத்தளம் கூடாது. அங்கேதான் பெர்சி ஸ்லெட்ஜின் ஆர்கன் பயன்படுகிறது. சுருதியையும் கவனிக்க வேண்டும். முன்பாட்டின் இறுதிச் சுருதியும் பின்பாட்டின் முதற்சுருதியும் அரைச்சுரம் விலகி நின்றால், நம் காதுக்குப் பல் கூசும். மற்றொன்று: சோல் தட்டுகள் பலவும் முடிவதில்லை. பாடிக்கொண்டே இருக்கும்போது ஒலி தேய்ந்து மறையும். கதைப்பாட்டோ கடைசிச் சொல்லில் நின்றுவிடும். எனவே முதற்பக்கத்தைக் கதைப்பாட்டில் முடித்து, இரண்டாம் பக்கத்தைத் தேயும் பாட்டில் முடிப்பது என் வழக்கம்.

எல்லாவற்றினும் முதலாவது விதி, ஒவ்வொரு பாட்டின் கடைசி அடி வரைக்கும் பொருளறிந்து சேர்ப்பது. இதை இளைஞரிடம் மும்முறை சொன்னேன். காரணம் சொல்லவில்லை.

பதிவு முடிந்ததும் கேசெட்டின் பின்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளை ஒடித்துவிட வேண்டும். ஒடித்தபின் எவரும் தவறுதலாக அதன்மேல் வேறொன்றைப் பதிய இயலாது. 1983-இல் நான் அதைச் செய்யாமலே அனுப்பினேன். கடிதம் கண்ட பின்னர், ஆறாவது பாட்டை அழித்து வேறு பாட்டுப் பதிந்து தருகிறேன், நாடாவைத் திருப்பி அனுப்பு என்று எழுதினேன். அதே நண்பர் கும்பகோணத்திலிருந்து திரும்பி வந்து நாடாவைக் கொடுத்தார். இரண்டு நாக்குகளும் ஒடிந்திருந்தன. ஓட்டையின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டால் மீண்டும் பதியலாம். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் வேறொரு புதிய நாடா வாங்கி, ஆறாவது இடத்தில் 'ஃபெர் அ வாட்டா'வைப் பதிந்து அனுப்பினேன். அந்தப் பெண்ணும் மீனவனும் பின்னர் மணந்துகொண்டனர் என்று தட்டின் உறையில் போட்டிருந்ததே காரணம்.

இரண்டு நாடாக்களும் எங்கள் அலமாரியில் இருக்கின்றன. அந்த இளைஞர் சிறுவயதில் எங்கள் வீட்டில் கேட்டது இரண்டாவது நாடா என்றே எண்ணியிருந்தேன். அவர் புறப்பட்டுப் போன பின்னர், எதற்கும் இருக்கட்டும் என்று என் மனைவியைக் கேட்டேன். முதலாவதுதான் என்றாள்.